குமுளியில் வாங்கிய பட்டை கேப்சூல், சூரணம்: மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பிடலாமா?

ஆனக்கரைப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டுக்காரருக்கு 47 வயது, ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். இடுப்பு 40 அங்குலம், வெறும் வயிற்றில் சர்க்கரை 118, டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 240, நல்ல கொழுப்பு 34, பிரஷர் 144/92. டாக்டர் சீட்டில் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று எழுதி சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், டெல்மிசார்டனோடு மூத்திரம் போக வைக்கும் தையசைடு சேர்ந்த பிரஷர் மாத்திரையும், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டினும் கொடுத்திருக்கிறார். கொழுந்தனார் குமுளியில் ஒரு கடையில் இருந்து பட்டை கேப்சூல், மிளகு சேர்ந்த மஞ்சள் கேப்சூல், வயிறு குறைய குடம்புளி கேப்சூல், அப்புறம் பொட்டலத்தில் கட்டிய சர்க்கரை சூரணம் என்று நாலு சாமான் வாங்கி வந்து, "ஒரு மண்டலம் மாத்திரையை நிறுத்திட்டு இதைச் சாப்பிடச் சொல்லு, இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்னு ஆயிடும்" என்று கடைக்காரர் சொன்னதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நிறுத்தலாமா, இல்லை இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்பதுதான் கேள்வி.

மாத்திரையை நிறுத்த வேண்டாம். அந்தப் பொட்டலச் சூரணத்தையும் குடம்புளி கேப்சூலையும் இன்று ராத்திரியே எடுத்து வையுங்கள். மற்ற இரண்டையும் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதில் உண்மையும் இருக்கிறது. நான் கம்பத்தில் மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன், மலைக்கு மேலே இருந்து ஜீப்பில் இறங்கி வருகிறவர்கள் ஒரு கையில் டாக்டர் சீட்டும் இன்னொரு கையில் இப்படி ஒரு பாட்டிலும் வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்காத வாரம் கிடையாது.

முதலில் அந்தப் பெயர். மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பது புதிதாக வந்த ஒரு தனி நோய் இல்லை. ஐந்து அளவு இருக்கிறது: நம்மவர்களில் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு 150 அல்லது மேல், நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே, பிரஷர் 130/85 அல்லது மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். இதில் ஏதாவது மூன்று சேர்ந்தால் அந்தப் பெயர். உங்கள் வீட்டுக்காரருக்கு ஐந்தும் இருக்கிறது. ஐந்தும் ஒரே வேரில் இருந்து கிளம்புகிறது: வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பால் இன்சுலின் சொல்கிற பேச்சை உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் எந்தப் பட்டையாக இருந்தாலும் பொடியாக இருந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது அந்த ஐந்தில் எதைக் குறைக்கும், எத்தனை கிராம் சாப்பிட்டால் குறைக்கும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு எப்படிப் போகும் என்பதுதான். 'நல்லது' என்று மொத்தமாகச் சொன்னால் எனக்குப் போதாது.

பச்சிலை என்றாலே ஏமாற்று என்று நினைக்கிற ஆளும் நான் இல்லை. அவர் சாப்பிடும் மெட்ஃபார்மினுக்கே ஒரு செடிதான் மூத்த வழி. ஐரோப்பாவில் கலீகா என்றொரு செடியைச் சர்க்கரைக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதில் இருக்கும் பொருளின் வழியில் போய்த்தான் 1957 வாக்கில் மெட்ஃபார்மின் மனிதர்களுக்கு வந்தது. அந்தச் செடியில் இருந்த பொருள் விஷத்தன்மை உள்ளது, அதனால் அதன் சாயலில் பாதுகாப்பான ஒன்றைச் செய்து, அளவு பார்த்து, வருஷக்கணக்கில் சோதித்த பிறகு மாத்திரையாக்கினார்கள். பாட்டிலில் அடைத்த பட்டைக்கும் இந்தச் சோதனை நடந்திருக்கிறதா என்பதுதான் என் கவலை.

சரி, பட்டைக்கு வருவோம். 2003ல் பாகிஸ்தானில் பெஷாவர் பக்கம் 60 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், தினம் 1, 3, 6 கிராம் பட்டை 40 நாள் கொடுத்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 18ல் இருந்து 29 சதவீதம் வரை குறைந்தது. உலகம் முழுக்கப் பட்டை கேப்சூல் விற்பனைக்கு வந்ததற்கு அந்த ஒரு ஆய்வு பெரிய காரணம். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் முன்னுக்குப் பின் முரணாக வந்தன, 2012ல் மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் குழு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்கு நெருக்கமான ஆய்வு டெல்லியில் நடந்தது, 2017ல் வெளிவந்தது. மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ள 116 பேர், தினம் 3 கிராம் பட்டை, 16 வாரம். சர்க்கரை, எடை, இடுப்பு எல்லாம் மருந்தில்லாத வெறும் கேப்சூல் சாப்பிட்டவர்களைவிட நன்றாகவே குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கத்தாருக்கும் சாப்பாட்டு ஒழுங்கும் நடையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பட்டை அதற்கு மேல் ஒரு கை கொடுத்தது. பொரோட்டாவும் அஞ்சு டீயும் அப்படியே இருக்க, பட்டை மட்டும் தனியாக வேலை செய்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

இப்போது எந்தப் பட்டை என்று பாருங்கள், இது மசாலா விளையும் ஊரில் இருக்கிற நமக்கே பலருக்குத் தெரியாது. பலசரக்குக் கடையில் பிரியாணிக்கு வாங்கும் தடிமனான, கருஞ்சிவப்பான, ஒரே சுருளாக, உரலில் போட்டுத்தான் இடிக்க வேண்டியதாக இருக்கும் பட்டை காசியா. மெல்லிசாக, காகிதம் போல அடுக்கடுக்காகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் உடைகிறது சுருள் பட்டை, அதாவது இலங்கைப் பட்டை. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், கிராமுக்கு 2, 3 மில்லிகிராம் சாதாரணமாக இருக்கும், சுருள் பட்டையில் பேருக்குத்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, உடல் எடை கிலோவுக்கு தினம் 0.1 மில்லிகிராம் வரை கூமரின் போகலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 70 கிலோ ஆளுக்கு 7 மில்லிகிராம். 3 கிராம் காசியா சாப்பிட்டால் அந்த வரம்பைத் தொட்டுவிடும், சில சரக்கில் தாண்டிவிடும், அது கல்லீரலுக்கு நல்லதில்லை, அதுவும் அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். குழம்பில் போடும் ஒரு துண்டுக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை, மாதக்கணக்கில் தினம் கிராம் கணக்கில் உள்ளே போகும்போதுதான் வரும். ஆக, பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். எந்த வகைப் பட்டை என்று எழுதியிருக்கிறதா? ஒரு கேப்சூலில் எத்தனை மில்லிகிராம்? 500 மில்லிகிராம் கேப்சூல் இரண்டு சாப்பிட்டால் 1 கிராம்தான், டெல்லியில் கொடுத்த அளவில் மூன்றில் ஒரு பங்கு. அது ஒன்றும் செய்யாமலேயே மாதம் முழுக்கப் பணத்தை மட்டும் தின்றுவிடலாம்.

மஞ்சளில் எனக்கு இன்னும் அதிகக் கவலை. இதிலும் நல்ல சேதி உண்டு: தாய்லாந்தில் சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த 240 பேருக்கு 9 மாதம் நடந்த ஆய்வில், வெறும் கேப்சூல் சாப்பிட்டவர்களில் 16.4 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளியானார்கள், மஞ்சளின் சத்தான குர்குமின் சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இல்லை. 2012ல் வந்தது. கேட்கவே ஆசையாக இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு ஆய்வு. அதில் கொடுத்த அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், தினம் ஒன்றரை கிராம் குர்குமின் வகைச் சத்து. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்தால் 50 கிராம் மஞ்சள்தூள். எந்த வீட்டுச் சமையலிலும் ஒரு ஆளுக்கு ஒரு நாளில் அவ்வளவு மஞ்சள் போகாது. அப்படியானால் கேப்சூலில் இருப்பதை நம் பாட்டி காலத்து மஞ்சள் என்று சொல்ல முடியாது, அது வேறு அளவு, வேறு பொருள் மாதிரியேதான்.

அதோடு மிளகு. குர்குமின் ரத்தத்தில் அவ்வளவாகச் சேராது, குடலும் கல்லீரலும் உடனே அதை மாற்றி வெளியே தள்ளிவிடும். 1998ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. கேப்சூல்காரர்கள் இதைப் பெருமையாக லேபிளில் போடுகிறார்கள். எப்படிக் கூடுகிறது என்று யோசியுங்கள்: உடம்பு வெளியே தள்ளும் கதவைப் பைப்பரின் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. அந்தக் கதவு குர்குமினுக்கு மட்டும் உரியது இல்லையே. பைப்பரினால் பிட்ஸ் மருந்தான ஃபெனிடாயின், பிரஷர் மருந்தான புரோப்ரனலால் இரண்டின் அளவும் ரத்தத்தில் ஏறியதை மனிதர்களிலேயே பார்த்திருக்கிறார்கள். அட்டோர்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் நொதியையும் பைப்பரின் தடுக்கும் என்று சோதனைக்கூடத்தில் தெரிந்திருக்கிறது, அதனால் அந்த மாத்திரை ரத்தத்தில் அதிகமாகித் தசை வலி வந்தால் அலட்சியம் வேண்டாம். ரசத்தில் போடும் மிளகு பற்றிப் பயப்படாதீர்கள், நான் சொல்வது பிரித்தெடுத்த பைப்பரின்.

கல்லீரலும் இருக்கிறது. 2019 வாக்கில் இத்தாலியில் மஞ்சள் சத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை போலக் கல்லீரல் வீக்கம் வந்து, அரசு லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னது. அமெரிக்காவிலும் அப்படிப்பட்டவர்களை ஆராய்ந்து, ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்று கண்டார்கள். யாருக்கு அந்த மரபணு இருக்கிறது என்று வெளியே பார்த்தால் தெரியாது. பித்தப்பையில் கல் இருப்பவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் மஞ்சள் கேப்சூல் பக்கமே போகக் கூடாது.

குடம்புளியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீன் குழம்பில் போடுங்கள், அதற்கு ஈடு கிடையாது. எடை குறைக்கும் கேப்சூலாக 1998ல் அமெரிக்காவில் 135 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், வெறும் கேப்சூல் சாப்பிட்டவர்களைவிட எடை குறையவில்லை. அந்தச் சத்து சேர்ந்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு, கல்லீரல் மாற்ற வேண்டிய நிலைக்குப் போனவர்களும் உண்டு. பலன் இல்லாத ஒன்றுக்கு அந்த ஆபத்து எதற்கு?

இப்போது அந்தப் பொட்டலம். வெந்தயம், நாவல்கொட்டை, கருஞ்சீரகம், சிறுகுறிஞ்சான், அதிமதுரம் சேர்ந்தது என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரம் சர்க்கரையே இனிக்காது, அது உண்மை, இனிப்பு ஆசை அடங்க அது உதவலாம். ஆனால் அதிமதுரம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தொண்டைக் கரகரப்புக்கு இரண்டு நாள் ஒரு துண்டு மெல்வது வேறு. தினம் ஸ்பூன் கணக்கில் உள்ளே போனால் அதில் இருக்கும் கிளிசரைசின் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும், பிரஷர் ஏறும். அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் இருக்கும் தையசைடும் பொட்டாசியத்தை வெளியே தள்ளும் ரகம். இரண்டும் சேர்ந்தால் தசை பலவீனம், கால் பிடிப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாவது வரை போகலாம். பிரஷர் 144 இருக்கிற மனிதருக்கு, குணமாக வேண்டும் என்று அன்போடு வாங்கிக் கொடுத்த பொடியே பிரஷரை ஏற்றினால் எவ்வளவு கொடுமை. கொழுந்தனாரைத் திட்டாதீர்கள், அவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லேபிள் இல்லாத பொடியில் இன்னொரு ஆபத்து, அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். சர்க்கரைக்கான நாட்டு மருந்து என்று விற்கும் பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையை இடித்துக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. என் கடைக்கு வரும் ஜீப் டிரைவர் ஒருவர் இப்படித்தான் ஒரு பொடியால் சர்க்கரை மளமளவென்று இறங்கியது என்று மூன்று மாதம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகும்போது வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டி, நல்லவேளை வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பார்த்தால் சர்க்கரை 48. பின்னால் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெறும் வெந்தயமும் நாவல்கொட்டையும் சர்க்கரையை அவ்வளவு இறக்கியிருக்காது என்றுதான் பார்த்த டாக்டரும் சந்தேகப்பட்டார், நானும் சந்தேகப்படுகிறேன். 2008ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு, இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 193ஐச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதோ ஒன்று இருந்தது. நல்ல சித்த மருத்துவர், ஆயுர்வேத வைத்தியர் இருக்கிறார்கள், அவர்கள் நாடி பார்த்து, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டுத்தான் மருந்து கொடுப்பார்கள். கவுன்டரில் நின்று எல்லோருக்கும் ஒரே பொடியைக் கட்டிக் கொடுப்பது வைத்தியம் இல்லை. சர்க்கரையை, பிரஷரை, தொப்பையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954ம் வருஷச் சட்டம் தடை செய்திருக்கிறது.

ஒரு மண்டலம் என்ற பேச்சையும் சொல்லிவிடுகிறேன். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 48 நாளில் முழுசாக மாறாது. மாத்திரையை நிறுத்தி 48 நாளில் எடுத்த ரிப்போர்ட்டில் ஒரு பகுதி, பழைய மாத்திரை செய்த வேலையையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு சூரணம் வேலை செய்கிறது என்று நம்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு எதைச் சாப்பிடலாம் என்று கேட்பீர்கள். வெந்தயம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1990களில் தினம் 25 கிராம் வெந்தயப் பொடி கொடுத்து, சர்க்கரையும் கொழுப்பும் குறைந்ததைக் காட்டினார்கள். அதன் பலம் வழவழப்பான நார்ச்சத்து, அது வயிற்றில் கூழ் மாதிரி நின்று சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்குகிறது. அதனால்தான் ஊறவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வெந்தயத்தைக் கொட்டுவதில் பெரிய பலன் இல்லை, நார் அந்த விதையில்தான் இருக்கிறது. 500 மில்லிகிராம் வெந்தய கேப்சூலும் அதே காரணத்தால் வீண். ஒரு டீஸ்பூன் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தண்ணீரோடு மென்று சாப்பிடச் சொல்லுங்கள், வயிறு ஒத்துக்கொண்டால் இரண்டு வாரம் கழித்து இரண்டு ஸ்பூன். முதலில் கொஞ்சம் வாயு வரும், வியர்வையில் ஒரு வாசனை வரும், பயப்பட வேண்டாம். மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் இந்த அளவில் வேண்டாம்.

எங்கள் தோட்டத்து ஏலக்காயே போதாதா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உதய்ப்பூரில் பிரஷர் உள்ள 20 பேருக்குத் தினம் 3 கிராம் ஏலப்பொடி 12 வாரம் கொடுத்துப் பிரஷர் குறைந்ததாக 2009ல் எழுதினார்கள். 20 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. அதோடு நம் மலையில் ஏலத்துக்கு எத்தனை தடவை மருந்து அடிக்கிறார்கள் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டீயில் ஒன்று தட்டிப் போடுங்கள், சர்க்கரைக்குப் பதிலாக அந்த வாசனை நிற்கட்டும். தோட்டத்தில் ஒரு நாளைக்கு அஞ்சு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40, 50 கிராம் சர்க்கரை, அந்த டிரைகிளிசரைடு 240ல் இதற்கும் பங்கு உண்டு. சாராயம் எடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, எடுத்தால் டிரைகிளிசரைடுக்கு முதல் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

நடையை எல்லோரும் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடாதீர்கள். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை எல்லையில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்து 2006ல் வெளியிட்டது: சாப்பாட்டு ஒழுங்கும் நடையும் மட்டும் சர்க்கரை நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தது, மெட்ஃபார்மின் 26.4 சதவீதம். நம்மூர் ஆட்களிடமே பார்த்த கணக்கு இது. சூப்பர்வைசர் தோட்டத்தில் நடக்கிறாரே என்பீர்கள், நின்று நின்று நடப்பது வேறு, மூச்சு வாங்க அரை மணி நேரம் நடப்பது வேறு.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நாலு சாமானையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், மறைக்க வேண்டாம், திட்டினாலும் பரவாயில்லை. சூரணம் ஏற்கெனவே சில நாள் உள்ளே போயிருந்தால் பொட்டாசியம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி மூன்றும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். சுருள் பட்டைதான் என்று உறுதியாகி, எஸ்ஜிபிடி சரியாக இருந்து, டாக்டரும் சரி என்றால் பட்டையை மட்டும், மூன்று மாதம், மாத்திரையோடு சேர்த்து. மஞ்சளையும் கூடவே ஆரம்பிக்காதீர்கள், ஏதாவது ஆனால் எதனால் என்று தெரியாமல் போய்விடும். இடையில் மூத்திரம் கட்டன்சாயா (பாலில்லாத டீ) நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளாக இருந்தாலோ, காரணமில்லாமல் அரிப்பு வந்தாலோ, பசி அடியோடு போனாலோ அன்றைக்கே பட்டையை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்துப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து இடுப்பு, பிரஷர், கொழுப்பு, எச்பிஏ1சி நாலையும் எழுதி அனுப்புங்கள் தங்கச்சி, பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.